பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும்

மாமியார் மருமகள் சச்சரவைப் பற்றி எழுதாத தமிழ் ஆசிரியர் இல்லை. அந்த விஷயத்தில் இனி எழுதுவதற்கு ஒன்றுமே பாக்கி இல்லையென்று நினைத்திருந்தோம். ஆனால் அதே சச்சரவு, அதே ஏச்சு, அதே கண்ணீர், நன்றாகப் படித்துப் பட்டம் பெற்றவர்களே நிறைந்த ஓர் இடத்தில் நாள் தவறாமல் நடந்து வருகிறது என்று சொன்னால் நேயர்களில் பலர் நம்பமாட்டார்கள். அந்த இடம் ஆஸ்பத்திரி. அங்கே மருமகளின் ஸ்தானத்தில் இருப்பவர், நம்முடைய நாடியைப் பிடித்துப் பார்க்கும் சின்ன டாக்டர்.

காலை எட்டு மணி சுமாருக்கு ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியின் வார்டில் போய் நின்று பாருங்கள். சுவாமி புறப்பாடு மாதிரி ஓர் ஊர்வலம் வரும். முன்னால் வருகிறவர் யூனிட்டின் தலைவர். அவரைச் 'சீஃப்' என்பார்கள். அவருக்கு ஒரு முழம் பின்னால் உதவிப் பேராசிரியர்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்றாம் வருஷத்துப் பி.ஜி., இரண்டாம் வருஷத்துப் பி.ஜி., முதல் வருஷத்துப் பி.ஜி. என்று படிக்கட்டு இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் ஹவுஸ் ஸர்ஜன்கள். அவர்களுக்கும் பின்னால், தூணோடு தூணாக, நோட்டுப் புத்தகம் ஏந்திய மாணாக்கர்கள். இந்த வரிசையில் ஒருவர் ஓர் அடி முந்தி நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்தந்த யூனிட்டைப் பொறுத்தது.

இந்த ஊர்வலத்தில் நாம் கவனிக்க வேண்டியவர் முதல் வருஷத்துப் பி.ஜி. அவர் காலை ஐந்து மணிக்கே வந்து, நாற்பது நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பார். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் போய்க் கெஞ்சி முறை வாங்கியிருப்பார். முந்திய நாள் 'அட்மிஷன் நாள்' ஆனால், அவர் வீட்டுக்கே போகவில்லை என்று அர்த்தம். இப்போது சீஃப் ஒரு கட்டிலருகே நின்று, "பொட்டாசியம் எவ்வளவு?" என்று கேட்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. அதைச் சொன்னதும், "உனக்கெல்லாம் யார் ஸீட் கொடுத்தது?" என்ற கேள்வி வருகிறது. சில இடங்களில் கேஸ் ஷீட் பறக்கும். கட்டிலில் படுத்திருக்கும் கிழவி தன்னுடைய வலியை மறந்து, அந்தப் பெண் டாக்டருக்காகப் பரிதாபப்படுகிறாள். இரத்த முடிவு வராதது சோதனைச் சாலையின் தாமதம் என்பது அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், சீஃப் உள்பட.

கண்டிப்பும் கடுஞ்சொல்லும்

உயிரைப் பணயமாக வைத்து நடக்கும் தொழிலில் கண்டிப்பு இல்லாவிட்டால் எப்படி என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நடு இரவில் ஒருவருக்கு ரத்தக் குழாய் வெடித்துவிட்டால் அங்கே கமிட்டி கூடி வாக்கெடுக்க முடியாது. ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் செய்ய வேண்டும். பிழை நேர்ந்தால் பதில் சொல்கிறவர் மேலே உள்ளவர். ஆகவே படிக்கட்டு அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் கண்டிப்பு வேறு, கடுஞ்சொல் வேறு. "மருந்தின் அளவைக் குறிப்பதற்கு முன் எடையை ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்பது கண்டிப்பு, அது எவ்வளவு உரத்த குரலில் வந்தாலும், கேட்டவர் மறு முறை எடையைப் பார்ப்பார். "நீ எந்தக் கோட்டாவில் வந்தாய்?", "தமிழ் மீடியம்தானே?", "கல்யாணம் செய்துகொண்டு போகவேண்டியதுதானே?" என்பவை வேறு ரகம். அவற்றில் வைத்தியம் சம்பந்தப்பட்டது ஒரு வார்த்தைகூட இல்லை. அவை ஒருவருடைய பிறப்பையும், பாஷையையும், பெண்மையையும் குத்துகின்றன. ஏழைக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் படித்து வந்தவர்களுக்கே இந்தக் குத்து அதிகமாக விழுகிறது என்பதை நமது நாட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஏணி வந்த கதை

இந்த ஏணியை முதலில் சாத்தியவர் யார்? இன்று உலகெங்கும் வழங்கும் பயிற்சி முறைக்கு மூல புருஷராகச் சொல்லப்படுகிறவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் முதல் தலைமை ஸர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட். ஆஸ்பத்திரி 1889-இல் திறக்கப்பட்டது. ஜெர்மானிய தேசத்தில் தாம் கண்ட முறையைத் தழுவி, இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருந்து கற்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். 'ரெஸிடெண்ட்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த முறைக்குப் பிரமிடு என்று பெயர்: அடியில் பலர் சேருவார்கள், வருஷா வருஷம் சிலர் கழிக்கப்படுவார்கள், உச்சியில் ஒருவரே மிஞ்சுவார். பக்கத்தில் நிற்கும் தோழனைக் கீழே தள்ளினாலொழிய மேலே ஏற முடியாத ஏற்பாட்டில் அன்பும் மரியாதையும் எப்படித் தழைக்கும்?

ஹால்ஸ்டெட் மகா மேதை; சந்தேகமில்லை. கிருமிநாசினி பட்டுத் தம்முடைய நர்ஸின் கைகள் புண்ணாவதைக் கண்டு, மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்வித்துக் கொடுத்தவர் அவர்தான். (அந்த நர்ஸையே 1890-இல் மணந்துகொண்டார் என்பது கதையின் இன்பமான பகுதி.) ஆனால், 1884-இல் கோகெய்ன் மருந்தைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கப் போய், அதற்கு அடிமையாகி, பிறகு மார்பியாவுக்கும் அடிமையாகி வாழ்நாளெல்லாம் தவித்தவரும் அவரே. இளைஞர்கள் இரவும் பகலும் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கவேண்டும் என்று விதி செய்தவரின் நிலைமை இப்படி இருந்தது என்பதை, "எங்கள் காலத்தில் தூங்கவே மாட்டோம்" என்று மார்தட்டும் பெரியவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நமது சென்னையில் ஏணிக்கு இன்னொரு காலும் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் பெரிய ஆஸ்பத்திரிகளின் உயர்ந்த பதவிகளெல்லாம் 'ஐ.எம்.எஸ்.' என்ற இராணுவ வைத்திய உத்தியோகஸ்தர்களுக்கே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்தன. அவர்கள் கர்னல், மேஜர் என்ற பட்டங்களோடு வார்டுக்குள் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே அஸிஸ்டெண்ட் ஸர்ஜன், அவருக்குக் கீழே ஸப்-அஸிஸ்டெண்ட் ஸர்ஜன் என்று நம்மவர்கள். இராணுவத்தில் சிப்பாயை நடத்துகிற தோரணை அப்படியே வார்டுக்குள் குடிவந்தது. சென்னை வைத்தியக் கலாசாலைக்கு 1939-இல்தான் ஓர் இந்தியர் முதல்வராக வந்தார். அவர் டாக்டர் ஆ. லக்ஷ்மணஸ்வாமி முதலியார்.

அந்தக் கலாசாலையில் 1907-இல் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் சரித்திரத்தில் ஒரு சம்பவம் சொல்வார்கள். ரண சிகிச்சைப் பேராசிரியராக இருந்த வெள்ளைக்காரர், தமது வகுப்பில் பெண்கள் உட்காருவதை விரும்பாதவர். அம்மையார் அந்தப் பாடத்தில் எல்லோரையும் மிஞ்சித் தேறியபோது, அவர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டாராம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் முத்துலக்ஷ்மி அம்மையாரைப் போல் அபூர்வமானவர்களுக்கு மட்டுமே வகுப்பில் இடம் உண்டு என்றால், சாதாரணமாய்ப் படித்துச் சாதாரணமாய் நல்ல டாக்டராக வேண்டியவர்களின் கதி என்ன?

கர்னல்கள் 1947-இல் கப்பலேறிவிட்டார்கள். அவர்களுடைய நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். குரல் மட்டும் பல இடங்களில் கப்பலேறவில்லை.

அவமதிப்பின் விலை

"நாலு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? மனசு உரமாகும்" என்பது பெரியவர்களின் வாதம். இந்த வாதத்தைப் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேல் தேசத்தில் நடந்த அந்தப் பரீட்சையின் முடிவு 2015-இல் குழந்தை வைத்தியத்துக்கான பிரபல அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாயிற்று. அதைச் சற்று விவரமாகவே சொல்லலாம்.

பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் கொண்ட 24 குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குத் திடீரென்று குடல் அழுகல் கண்டு நிலைமை மோசமாவது போன்ற ஒரு பாவனை. குழந்தை பொம்மைதான், ஆனால் சிகிச்சை நிஜம் போலவே செய்ய வேண்டும். அயல் நாட்டு நிபுணர் ஒருவர் உங்களைக் கவனிக்கிறார் என்று எல்லாக் குழுக்களுக்கும் சொல்லப்பட்டது. பாதிக் குழுக்களிடம் அந்த நிபுணர் பொதுவாகப் பேசினார். மற்றப் பாதிக் குழுக்களிடம், இந்த நாட்டு வைத்தியத்தின் தரத்தைப் பற்றித் தமக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்படவில்லை என்ற ரீதியில் இளப்பமாக இரண்டு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். கத்தவில்லை, கேஸ் ஷீட்டை எறியவில்லை, அவர்களுடைய வேலையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, யார் எந்தக் குழு என்று அறியாத நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். நோயைக் கண்டறிவதில், சாதாரணமாகப் பேசப்பட்ட குழுக்கள் சராசரியாக 3.2 மதிப்பெண் பெற்றன. இளப்பமாகப் பேசப்பட்டவை 2.6 பெற்றன. சிகிச்சை செய்வதில் முந்தியவை 3.3, பிந்தியவை 2.8. காரணத்தையும் ஆராய்ந்தார்கள். அவமதிக்கப்பட்டவர்கள், தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் குறைத்துக்கொண்டார்கள். உதவி கேட்பதையும் குறைத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத அந்நியர் சொன்ன இரண்டு சொல்லுக்கே இந்தப் பலன் என்றால், மூன்று வருஷம் தினம் தினம் கேட்கும் சொல்லுக்கு என்ன பலன் இருக்கும் என்று கணக்குப் போட நமக்குத் தைரியமில்லை.

அது பொம்மைக் குழந்தை. 2005-ஆம் வருஷம் இங்கிலாந்தில் நடந்தது பொம்மை விளையாட்டல்ல. ஒரு விமானியின் மனைவி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய், மூக்கில் ஒரு சாதாரண ஆபரேஷனுக்காகப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக் குழாய் அடைத்துக்கொண்டது. அனுபவம் வாய்ந்த பெரிய டாக்டர்கள் கூடி, வாய் வழியாகக் குழாயைச் செலுத்தத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். நிமிஷங்கள் ஓடின. அங்கே இருந்த நர்ஸ்களுக்கு நிலைமை புரிந்துவிட்டது. ஒருவர், கழுத்தில் துவாரம் செய்து மூச்சு விடச் செய்யும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் பெரியவர்களைத் தடுத்து, "இதைச் செய்யுங்கள்" என்று உரக்கச் சொல்வது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் கண் விழிக்கவே இல்லை. 13 நாட்கள் கழித்து இறந்தார்.

அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏணியின் பழக்கமே போதுமானதாயிருந்தது. கணவர் யார் மேலும் ஆத்திரப்படவில்லை. விமானத்தில் தலைமை விமானிக்குத் துணை விமானி தவற்றைச் சுட்டிக்காட்டுவது எப்படி என்று பயிற்சி கொடுக்கிறார்களே, ஆஸ்பத்திரியில் ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டார். 1977-இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்ட பிறகு, விமானத் தொழிலில் உண்டான பயிற்சி அது. அங்கேயும் தலைமை விமானி மகா அனுபவசாலி. கீழே இருந்த பொறியாளர் சந்தேகத்தோடு ஒரு கேள்வி கேட்டார். பெரியவர் அதைத் தள்ளிவிட்டு விமானத்தைக் கிளப்பினார்.

இவ்விடத்தில் ஒரு விஷயம் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கடுஞ்சொல் மேலிருந்து மட்டும்தான் வரும் என்பதில்லை. வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராக இருந்த ஸெம்மல்வைஸ், 1847-இல் டாக்டர்களும் மாணாக்கர்களும் குளோரின் கரைசலில் கை கழுவும்படி செய்து, அந்த வருஷம் ஏப்ரலில் நூற்றுக்குப் 18 ஆக இருந்த தாய்மார் மரணத்தை ஜூலைக்குள் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகக் குறைத்தார். அவருடைய தலைவருக்கு அது பிடிக்கவில்லை. 1849-இல் உதவியாளரின் வேலை புதுப்பிக்கப்படவில்லை. அதே ஸெம்மல்வைஸ் பின்னால் தாமே பேராசிரியராகி, 1861-இல் தம்மை ஏற்காத பெரிய டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் ஏசினார். உண்மை அவர் பக்கம் இருந்தது. கடிதங்களைப் படித்து மனம் மாறியவர்கள்தான் அதிகம் இல்லை.

சின்னவர் என்ன செய்வது?

திருப்பித் திட்டுவது சாத்தியமில்லை; வாயை மூடிக்கொண்டிருப்பதோ நோயாளிக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அமெரிக்காவில் மாணாக்கர்களுக்குப் படிப்பிக்கிறார்கள். முதலில், "ஸார், எனக்குக் கவலையாயிருக்கிறது" என்பது. காதில் விழாவிட்டால், "ஸார், இது எனக்குச் சரியாகப் படவில்லை" என்பது. அப்போதும் கேட்காவிட்டால், "ஸார், இதனால் நோயாளிக்கு ஆபத்து" என்பது. மூன்றிலும் 'நீங்கள் செய்வது தப்பு' என்ற வார்த்தை இல்லை. மரியாதையும் கெடவில்லை, விஷயமும் சொல்லியாகிவிட்டது. நமது ஊரில் 'ஸார்' என்பதைக் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

நோயாளியைப் பற்றிச் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் மணியோடு எழுதி வைப்பது அவசியம். தன்னைத் திட்டியதைப் பற்றி வார்டில் நின்று வாதாடாமல், கோபம் தணிந்த வேளையில், "ஐந்து நிமிஷம் பேசலாமா?" என்று தனியே போய்க் கேட்கலாம். இப்படிக் கேட்கப்பட்ட சீஃப்களில் சிலர் வெட்கப்பட்டுத் திருந்தியும் இருக்கிறார்கள். கோபத்திலே கத்திவிட்டு மறப்பவர்கள் உண்டு, அவர்கள் கெட்டவர்களல்ல. ஆனால் ஆளைப் பொறுக்கி எடுத்து, நாள்தோறும் ஜாதியையும் மார்க்கையும் சொல்லிக் குத்துகிறவர்களிடம் தனிப் பேச்சு பலிக்காது. அங்கே தேதி, மணி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வைப்பதுதான் வழி.

சட்டம் இல்லாமலில்லை. 1996-இல் சிதம்பரத்தில் முதல் வருஷ வைத்திய மாணாக்கர் ஒருவர் மூத்த மாணாக்கரால் கொலையுண்ட கோரத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 1997-இல் 'ராகிங்' தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் வைத்தியக் கலாசாலைகளுக்கென்றே தனி விதிகள் செய்தது. ரெஸிடெண்டுகளுக்கு வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசாங்கம் 1992-இல் ஓர் உத்தரவு போட்டது. அது காகிதத்திலேயே தூங்கியது. தூங்க வேண்டியவர்கள் தூங்கவில்லை. 2024-இல் ஆணையத்தின் பணிக்குழு ஒன்று, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. 48-க்குப் பதில் 74 என்று சொல்வதே பெரிய சலுகையாகத் தோன்றினால், உள்ளே நடப்பது என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் இருந்தும் புகார் ஏன் வருவதில்லை? காரணம் ரகசியமல்ல. பி.ஜி. மாணாக்கர் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் கையெழுத்திட வேண்டியவர் சீஃப். கடைசிப் பரீட்சையில் எதிரே உட்காருகிறவர்களும் அவரும் அவருடைய நண்பர்களும். படிப்பைப் பாதியில் விட்டுப் போகலாமென்றால், பல மாகாணங்களில் லட்சக் கணக்கில் பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தம் இருக்கிறது. அதை எடுத்துவிடும்படி 2024-இல் ஆணையம் மாகாண அரசாங்கங்களைக் கேட்டுக்கொண்டது. புகாரை விசாரிக்கும் கமிட்டியில் அதே கலாசாலையின் பேராசிரியர்களே உட்காரும் வரையில், முதல் வருஷத்துப் பி.ஜி. மௌனமாக இருப்பதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பரீட்சை அதிகாரமும் தினசரி வேலை வாங்கும் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதைப் பிரிக்கவேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

எல்லாவற்றிலும் விசித்திரம் இரண்டாம் வருஷத்துப் பி.ஜி. போன வருஷம் அழுதவர் அவர். புதிதாக ஒருவர் கீழே வந்ததும், தாம் கேட்ட வார்த்தைகளைச் சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார். சாப்பிட விடாமல் வேலை ஏவுகிறார். மாமியார் வீட்டில் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் பழைய கணக்குத்தான். சீஃப் ஒருவர் திருந்தினால் ஒரு யூனிட் பிழைக்கும். ஆனால் அவர் ஒருவேளை திருந்துவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார். இரண்டாம் வருஷத்துப் பி.ஜி.க்கு இருபத்தேழு வயது; இன்னும் முப்பது வருஷத்து ஜூனியர்கள் அவர் கையில் இருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையோ பெண்ணோ இரவு பதினொரு மணிக்கு டெலிபோனில் கூப்பிட்டு, "அம்மா, என்னால் முடியவில்லை" என்றால், "எல்லோரும் பொறுத்துக்கொண்டுதானே டாக்டரானார்கள்?" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கடைசியாக எப்போது தூங்கினாய், எப்போது சாப்பிட்டாய், யார் என்ன சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் அடுத்த பஸ்ஸில் புறப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மனச் சோர்வுக்கு அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ராகிங் புகாருக்கு 1800-180-5522. இரண்டுக்கும் காசு இல்லை.